தங்கள் எடை இயந்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வது குறித்து

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. தாங்களும் என் மகளும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அடுத்த வரியில் நாங்களும் இங்கே நலம் என்று எழுதியாக வேண்டும், அதுதான் முறை. ஆனால் எடையளவுத் துறையில் முப்பத்துநான்கு வருடம் முத்திரை ஆய்வாளராக இருந்தவன் நான். சரியில்லாததைச் சரி என்று எழுதி ஒரு தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை. ஆகவே அந்த வரியை ஒத்திவைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஆறு மாதத்துக்கு முன்பு, என் எழுபத்தொன்றாவது பிறந்தநாளுக்கு என்று, கண்ணாடித் தட்டு வைத்த எடை இயந்திரம் ஒன்றைத் தாங்கள் கொண்டுவந்து கொடுத்தீர்கள். "மாமா, உங்க தொழிலுக்கு ஏத்த பரிசு" என்று சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அன்று ஏறி நின்றபோது அறுபத்தொன்பது காட்டியது. மரியாதையான எண். அடுத்த மாதம் அறுபத்தேழு. சரி, புது இயந்திரம், பழகட்டும் என்று விட்டேன். அதற்கடுத்த மாதம் அறுபத்துநாலரை. பிறகு அறுபத்திரண்டு, அறுபது என்று படி இறங்குகிற மாதிரி இறங்கி, இன்று காலை ஐம்பத்தேழரையில் வந்து நிற்கிறது. கேட்கிறேன் மாப்பிள்ளை, பதினொன்றரைக் கிலோ எங்கே போனது? நானோ ஊரை விட்டு எங்கேயும் போகவில்லை. பணியில் இருந்த காலத்தில் ஒரு கடைக்காரன் இப்படித் தராசு வைத்திருந்தால் அன்றைக்கே கடையைப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துப் போயிருப்பேன். மாப்பிள்ளை கொடுத்ததாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். பல்லைக் கடிப்பது இப்போது எனக்கு முடியாத காரியம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அவசரப்பட்டுக் குற்றம் சாட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். முறைப்படி ஆய்வு செய்தேன். முதலில் தரை சமமாக இல்லையோ என்று கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி, கூடம், படுக்கையறை, சமையலறை, குளியலறை வாசல் என்று எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தேன். சமையலறையில் உங்கள் மாமியார் ரசமட்டத்தைக் கவனிக்காமல் மிதித்துத் தடுமாற, அவள் கையில் இருந்த பால் பாத்திரம் தரையில் குனிந்திருந்த என் தலையில் கவிழ்ந்தது. அப்படியே நனைந்தபடி ஏறி நின்றேன். பாலோடு சேர்த்தும் ஐம்பத்தெட்டைத் தாண்டவில்லை. பேட்டரி மாற்றினேன். தலைகீழாகப் பிடித்து உதறினேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன், போட்டுக்கொண்டு ஏறினேன், குளிர்காலக் கோட்டு, தொப்பி, குடை எல்லாவற்றோடும் ஏறினேன். குடையோடு அறுபது வந்தது. ஒரு மனிதன் தன் சொந்த எடைக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமா?

பிறகுதான் கடைசிச் சோதனைக்குப் போனேன். பணி ஓய்வின்போது அலுவலகத்தில் கழித்துக்கட்டிய இருபது கிலோ இரும்பு எடைக்கல் ஒன்றை நான் கேட்டு வாங்கி வந்தது உங்களுக்குத் தெரியும், கதவு அடிக்காமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறோம். அதை எடுத்து இயந்திரத்தின் மேல் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரு கையால் இதைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறியவன் நான். குனிந்து பிடித்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்தேன். அப்போதும் கல் அசையவில்லை. மாடி வீட்டுக்காரர் அந்த வழியாகப் போனவர், "நான் தூக்கித் தரட்டுமா சார்?" என்று கேட்டார். முத்திரை போட்ட கல்லை அதிகாரம் இல்லாத கை தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என் முடிவு என்னவென்றால், இத்தனை வருடத்தில் ஈரமும் துருவும் சேர்ந்து கல்லே எடை கூடியிருக்கிறது. இந்த வீட்டில் எடை கூடியது அது ஒன்றுதான்.

இதற்கிடையில் மற்ற பொருள்களும் சதி செய்யத் தொடங்கின. பெல்ட் நீண்டுவிட்டது. இந்தக் காலத்துத் தோல் அப்படி, இழுத்தால் இழுபடும். ஆணியை வைத்து நானே மூன்று துளை போட்டேன். கைக்கடிகாரம் முழங்கை வரை போய்வருகிறது. மோதிரம் முகம் கழுவும்போது கழன்று தொட்டிக் குழாய்க்குள் விழுந்தது, குழாய்க்காரர் வந்து தொட்டியையே பெயர்த்து எடுத்தார். எடுத்தவர் மோதிரத்தைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், "ஐயா, இது உங்களோடதுதானா?" என்று கேட்டார். திருடன் என்று நினைத்துவிட்டார் மாப்பிள்ளை! என் கல்யாண மோதிரத்தை நானே திருடினேன் என்று!

சாப்பாட்டைப் பற்றி என் மகள் தினமும் போனில் குடைகிறாள். அதையும் எழுதிவிடுகிறேன். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். காலையில் டீயில் நனைத்த ரொட்டி. மதியம் பாலில் ஊறவைத்த ரொட்டி. சாயங்காலம் பிஸ்கட், அதுவும் டீயில் விழுந்து கரைந்த பிறகு கரண்டியால் எடுத்து. ராத்திரி வாழைப்பழம், நன்றாகக் கனிந்தது. இதில் என்ன குறை? கறி வேண்டாம் என்று விட்டேன், வயதானால் ஆசைகள் அடங்க வேண்டும். கீரை நார் நாராக இருக்கிறது. பயறு வேகவில்லை. வேர்க்கடலை சின்னப் பிள்ளைகள் தின்பது. முட்டை பிடிக்கவில்லை, காரணம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆப்பிளைப் பொறுத்தவரை, ஒரு நாள் ஆசையாகக் கடித்தேன், கடித்த இடத்தில் சிவப்பாக ஒட்டியிருந்தது. பழத்துக்குச் சாயம் பூசி விற்கிறார்கள் அயோக்கியப் பயல்கள். பல் விளக்கும் பிரஷிலும் அதே சிவப்பு. பிரஷ்ஷுக்கும் சாயம். அதனால் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு விரலால் லேசாகத் தடவிக் கொப்பளித்துக்கொள்கிறேன். கீழ் வரிசையில் முன்பல் இரண்டும் காற்றடித்தால் ஆடுகின்றன. இருக்கட்டுமே, என்னோடு அறுபது வருடத்துக்கு மேல் இருந்த பல் கொஞ்சம் ஆடினால் என்ன குடி முழுகிவிடும்?

முதலில் உங்கள் மாமியார் சும்மா விடவில்லை. கறி சமைத்து வைப்பாள், நான் தள்ளி வைப்பேன். கேரட் நறுக்கி வைப்பாள், தள்ளி வைப்பேன். "என் கைச் சமையல் இப்ப கசக்குதா?" என்பாள். "ஆமா" என்பேன், பேச்சு முடிந்துவிடும். பிறகு ஒரு நாள் என்ன தோன்றியதோ, அவளும் வழிக்கு வந்துவிட்டாள். இப்போது இரண்டு பேருக்கும் ஒரே ஊறவைத்த ரொட்டிதான். அடுப்பு வேலை குறைவு, பாத்திரம் குறைவு, வீட்டில் சத்தமே இல்லை.

ஆனால் ஊர் வாயை மூட முடியுமா? போன வாரம் உங்கள் மாமியாரின் அக்கா போன் செய்தாள். எங்கேயோ தெருவில் என்னைப் பார்த்தாளாம், அடையாளமே தெரியவில்லையாம். அந்த அம்மாள் குரலுக்குப் போனே தேவையில்லை, கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. "ஏண்டி, உன் புருஷனுக்குச் சோறு போடறியா இல்ல பட்டினி போடறியா? பொண்டாட்டி ஒழுங்கா இருந்தா ஒரு மனுஷன் இப்படியா வத்திப் போவான்?" உங்கள் மாமியார் ரிசீவரைப் பிடித்தபடி நின்றாள். ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து, ஊரையே அதட்டியவள் அவள், உங்களுக்குத் தெரியும். நான் எழுந்து போய் ரிசீவரை வாங்கி, "அவ மேல தப்பில்ல" என்று சொல்லியிருக்கலாம்தான். டீ ஆறிவிடுமே என்று எழுந்திருக்கவில்லை.

அந்தக் கோபத்தில்தான் மறுநாள் மொத்தக் கடைக்குப் போனேன். தானிய மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு அங்கே இருக்கிறது, அதில் ஏறி நின்று உங்கள் இயந்திரத்தின் மோசடியை நிரூபித்துவிடலாம் என்று. கடைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். பழைய பகை. பதினைந்து வருடத்துக்கு முன்பு அவர் தராசை நான் இரண்டு தடவை முடக்கியிருக்கிறேன். "வாங்க முத்திரை ஐயா, வாங்க! இன்னிக்கு எடை போட வேண்டியது உங்களையா?" என்று சொல்லி, மூட்டையை ஏற்றுகிற மாதிரி தோளைப் பிடித்து ஏற்றிவிட்டார். சுற்றி நின்ற சுமைக்காரர்கள் எல்லோரும் பார்க்க, "ஐம்பத்தேழரை!" என்று உரக்கப் படித்தார். "தப்பான தராசு!" என்று நான் கத்தினேன். "ஐயா, பக்கத்துல பாருங்க" என்றார். பார்த்தேன். முத்திரை. என் முத்திரை. பணியில் கடைசி வருடம் நானே போட்டது. தராசு தப்பு என்றால் முத்திரை தப்பு, முத்திரை தப்பு என்றால் நான் தப்பு. "கெடு முடிஞ்சுபோன முத்திரைய்யா இது!" என்றேன். "போன மாசம்தான் புது ஆபீசர் வந்து சரின்னு சொல்லிட்டுப் போனாரு" என்றார். என்னை இறக்கிவிடு, சட்டம் தெரியுமா, யாரிடம் பேசுகிறாய் தெரியுமா என்று ஏதேதோ சத்தம் போட்டேன். அதற்கு மேல் நினைவில்லை. கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, தராசு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டேனாம். உட்கார்ந்தபோதும் ஐம்பத்தேழரைதான் காட்டியதாம், அதைக் கடைக்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அங்கிருந்து என்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது அதே கடைக்காரர்தான், அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அங்கே ஒரு பெண் டாக்டர், என் மகளைவிடச் சின்னவள். இரத்த அழுத்தம் பார்த்தாள், கண் இமையை இழுத்துப் பார்த்தாள், ரத்தம் எடுத்தாள், எல்லாம் சரி. திடீரென்று "வாயைத் திறங்க ஐயா" என்றாள். மயக்கம் போட்டு விழுந்தவனுக்கு வாயில் என்ன வேலை? மாட்டேன் என்றேன். மாட்டேன் என்று சொல்லத் திறந்த வாய்க்குள் விளக்கை அடித்துவிட்டாள். கெட்டிக்காரி. விளக்கை அணைத்துக் கீழே வைத்தாள். பிறகு, "எத்தனை மாசமா ஐயா வலியைப் பொறுத்துக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டாள். நான் வாயை இறுக்க மூடிக்கொண்டேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீங்களே சொல்லுங்கள், இது ஒரு டாக்டர் பேசுகிற பேச்சா என்று. "உங்க பல்லுல பெருசா ஒண்ணும் கெட்டுப்போகல. பல்லைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற ஈறும் எலும்பும்தான் கெட்டிருக்கு. ஈறு வீங்கி ரத்தம் வருது, வலிக்குது, அதனால மெல்லாம விழுங்கற சாப்பாடாப் பாத்து சாப்பிடறீங்க. அதுல மாவும் சர்க்கரையும்தான் இருக்கு, உடம்புக்கு வேண்டிய சத்து இல்ல. சத்து இல்லேன்னா ஈறு எப்படி ஆறும்? ஆறலேன்னா எப்படி மெல்லுவீங்க? ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போகுது. வயசானவங்க நிறையப் பேரு இப்படித்தான் வராங்க. எடை குறையுதுன்னு எங்கெங்கயோ தேடுவாங்க, வாயை மட்டும் யாரும் பாக்கறதில்ல." நான் கேட்டேன், "எது முதல்ல ஆரம்பிச்சது? ஈறா, சாப்பாடா? குற்றம்னு இருந்தா அதுக்கு ஒரு ஆரம்பம் இருக்கணும். பொறுப்பு யாருதுன்னு எழுதணும்." அதற்கு அந்தப் பெண் சிரிக்கிறாள் மாப்பிள்ளை! "யார் மேல எழுதினாலும் ரெண்டையும் சேத்துத்தான் நிறுத்தணும் ஐயா. பல் டாக்டர்கிட்ட போய் ஈறுக்கு அடியில சுத்தம் பண்ணிக்கணும், ஆடற ரெண்டு பல்லை அவர் பாத்து முடிவு பண்ணட்டும். அதுவரைக்கும் முட்டை, குழைய வேகவச்ச பயறு, மசிச்ச கீரை, முள்ளு எடுத்த மீன். மெல்ல வேண்டாம், ஆனா சத்து உள்ளே போகணும். ரொட்டியையும் டீயையும் நிறுத்துங்க. இப்படியே விட்டா அடுத்த தடவை தராசுல உக்கார மாட்டீங்க, விழுந்து இடுப்பை ஒடிச்சுக்குவீங்க."

எடை பார்க்கப் போனவனை வாய் பார்த்து அனுப்பினார்கள். அதுகூடப் போகட்டும். அன்று சாயங்காலமே உங்களுக்கு விஷயம் எப்படித் தெரிந்தது? யாரைக் கேட்டு வரும் திங்கட்கிழமை பத்து மணிக்குப் பல் டாக்டரிடம் என் பேரில் நேரம் வாங்கினீர்கள்? என் வாய்க்கு நான் பொறுப்பா, தாங்கள் பொறுப்பா? போதாக்குறைக்கு ஒரு மிக்ஸியை வேறு அனுப்பிவைத்திருக்கிறீர்கள், எல்லாவற்றையும் அரைத்துக் குடிக்கலாமாம். நான் என்ன கைக்குழந்தையா? ஊர் முழுக்கத் தராசுக்காரர்களை நடுங்க வைத்தவன் ராத்திரிச் சாப்பாட்டை டம்ளரில் குடிக்க வேண்டுமா? சும்மா சொல்லக் கூடாது, நீங்க ரொம்ப நல்லவருதான், ஆனா எதுலயும் கொஞ்சம் ஜாஸ்தி. பாருங்கள், கோபத்தில் எழுத்துகூட நழுவுகிறது. மன்னிக்கவும். இல்லை, மன்னிக்க வேண்டாம்.

ஆகவே என் முடிவைத் திட்டவட்டமாகத் தெரிவிக்கிறேன். திங்கட்கிழமை நான் எங்கேயும் வருவதாக இல்லை. என் பல் என்னோடு இருக்கும். மிக்ஸியை அட்டைப்பெட்டியோடு திரும்ப அனுப்புகிறேன். அந்தக் கண்ணாடி இயந்திரத்தை இந்த வாரத்துக்குள் தாங்களே வந்து எடுத்துப் போக வேண்டும், இல்லாவிட்டால் வாசலில் வைத்துவிடுவேன். அது பொய் சொல்கிறது. பொய் சொல்லும் கருவியோடு ஒரே வீட்டில் என்னால் இருக்க முடியாது.

என் மகளுக்கும் தங்களுக்கும் என் ஆசிகள். நீண்ட ஆயுளும், நிறைந்த வீடும், நேரான தராசும் தங்களுக்குக் கிடைக்கட்டும். கோபத்தில் எழுதினாலும் ஆசி ஆசிதான்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
முத்திரை ஆய்வாளர் (ஓய்வு)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை பாக்கி இருப்பது நினைவுக்கு வந்தது. இயந்திரம் பொய் சொல்வது என்றால் எல்லோருக்கும் பொய் சொல்ல வேண்டும். அதனால் உங்கள் மாமியாரைக் கூப்பிட்டு ஏறி நிற்கச் சொன்னேன். மாட்டேன் என்றாள். "ஏன், பயமா?" என்றேன். புடவையை ஒதுக்கிக்கொண்டு ஏறினாள். தாங்கள் பரிசு கொடுத்த அன்றைக்கு அவளும் விளையாட்டாக ஏறியது நினைவிருக்கலாம், அன்று ஐம்பத்தெட்டு. இப்போது ஐம்பது. நான் கை தட்டிவிட்டேன் மாப்பிள்ளை. "பாத்தியா! உனக்கும் எட்டுக் கிலோ களவாடிடுச்சு! உனக்கென்ன ஈறு வீங்கியிருக்கா? பல்லு ஆடுதா? அப்ப இயந்திரம்தானே கோளாறு?" என்று கத்தினேன்.

அவள் மெதுவாக இறங்கினாள். "என் பல்லு முப்பதும் கல்லு மாதிரி இருக்கு. இருந்து என்ன பிரயோஜனம்? நாலு மாசத்துக்கு முன்னாடி நான் கேரட்டைக் கடிச்சப்ப என்ன சொன்னீங்க? எருமை மாதிரி சத்தம் போட்டு மெல்லாதே, கேக்கவே சகிக்கலன்னு சொன்னீங்க. அன்னிலேருந்து உங்க எதிர்ல ஒண்ணைக் கடிக்கவே கூசுது. சமையல்கட்டுல தனியா நின்னு சாப்பிட்டுப் பாத்தேன், இறங்கல. நீங்க ஊறவச்ச ரொட்டியைத் தின்னுட்டு எழுந்து போவீங்க, நான் மட்டும் கறியும் சோறுமா அள்ளிப் போட்டுக்கணுமா? உங்களுக்கு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் குழைய வேகவச்சிருப்பேன் இல்ல? எங்க அக்கா கேட்டதுக்குக்கூட நான் வாயைத் திறக்கல. எனக்கே தெரியாதப்ப என்னன்னு சொல்லுவேன்?" என்றாள்.

கேரட்டுக்காக அவளைத் திட்டியதை நான் மேலே எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். அவள் மெல்லுவது எனக்குப் பிடிக்காமல் இல்லை மாப்பிள்ளை. என்னால் முடியாததை அவள் அத்தனை சுலபமாகச் செய்கிறாளே என்று ஆத்திரம், அவ்வளவுதான். எனக்கு வலிக்கிறது. எட்டு மாதமாக வலிக்கிறது. வாயைத் திறந்தால் பல்லைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. அதனால் மேலே எழுதியதில் ஆசிகளைத் தவிர எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். இயந்திரத்தை எடுத்துப் போக வர வேண்டாம், அது சரியாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு வண்டியோடு வரவும், இரண்டு பேரும் தயாராக இருப்போம். அவள் அக்காவுக்கு நானே போன் செய்கிறேன்.

தாங்கள் அனுப்பிய புதுமாதிரி மிக்ஸியை எப்படிப் போடுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. இப்போதைக்கு இரண்டு முட்டை அவித்திருக்கிறாள். அவள் தட்டில் ஒன்று, என் தட்டில் ஒன்று. நான் எடுத்து வாயில் போடாமல் அவள் தொட மாட்டாளாம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கடிதத்தை இத்தோடு நிறுத்துகிறேன், அவளுக்குப் பசிக்கும்.